சாக்கடைத் தண்ணீர் எங்கே போகிறது?
வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

நெல்லையில் பிசான நெல் சாகுபடிக்கு வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நேரம் வந்தாலே, கழிவுநீர் பற்றிய கடிதங்களும் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 200 வீடுகள். சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. மூன்று வருடம் நன்றாக ஓடியது. இப்போது ஆறு மாதமாக அழுகிய முட்டை நாற்றம். வெளியே வரும் தண்ணீரும் கலங்கலாக இருக்கிறது. கரண்ட் பில்லைக் குறைக்க இரவு 10 மணிக்கு ப்ளோயரை நிறுத்திவிட்டு காலை 6 மணிக்குப் போடுகிறோம். நாற்றம் போக என்ன மருந்து கலக்கலாம்?
— ரெட்டியார்பட்டி சாலை, பாளையங்கோட்டை

பதில்: மருந்து எதுவும் வேண்டாம். இரவில் காற்றடிக்கும் ப்ளோயரை நிறுத்துவதை முதலில் நிறுத்துங்கள். நாற்றத்துக்குக் காரணமே அதுதான்.

ஏரேஷன் டேங்கில், அதாவது கழிவுநீருக்குள் காற்றடிக்கும் தொட்டியில், வேலை செய்பவை உயிருள்ள நுண்ணுயிரிகள். காற்று நின்ற சில நிமிடங்களிலேயே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். எட்டு மணி நேரம் அப்படியே கிடந்தால் நுண்ணுயிரித் திரளான கசடு அடியில் படிந்து அழுகுகிறது. சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. நீங்கள் சொல்லும் முட்டை நாற்றம் அதுதான். காலையில் ப்ளோயரைப் போட்டதும், குளியல், துவையல் எல்லாம் சேர்ந்து அன்றைய பெரிய வரத்து இந்த அழுகலின் மேல்தான் வந்து விழுகிறது. நாள்தோறும் இப்படியே நடந்தால், நன்றாகப் படியும் நுண்ணுயிரிகள் குறைந்து நூல்போல் வளரும் வகை பெருகும். அந்த வகை கசடு பஞ்சுபோல் மிதக்குமே தவிர அடியில் இறங்காது. கலங்கல் அதனால் வருகிறது.

உங்கள் நிலையத்தின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு நாலரைப் பேர் என்றால் 900 பேர். ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாக வரும் என்று வைத்தால், நாளுக்கு ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர், அதாவது 100 கனமீட்டர். 20 மணி நேரம் தங்கும்படி கட்டிய ஏரேஷன் டேங்க் என்றால் கொள்ளளவு 83 கனமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பி.ஓ.டி. என்பது கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு. லிட்டருக்கு 250 மில்லிகிராம் பி.ஓ.டி. என்று எடுத்தால் நாளுக்கு 25 கிலோ பி.ஓ.டி. வருகிறது. அதை எரிக்கவும் அமோனியாவை மாற்றவும் 45 முதல் 50 கிலோ ஆக்சிஜன் தேவை. காற்றைச் சிறு குமிழிகளாகப் பிரித்துவிடும் நுண்குமிழ் டிஃப்யூசர் வைத்து அதைக் கொடுக்க, இடைவிடாமல் மணிக்கு 75 முதல் 100 கனமீட்டர் காற்று அடிக்க வேண்டும். ப்ளோயர் பலகையில் எழுதியிருக்கும் எண்ணோடு இதை ஒப்பிடுங்கள். ப்ளோயரே சிறியதாக இருந்தால் நேரத்தை மாற்றிப் பயனில்லை.

மின்கட்டணத்தைக் குறைக்க நல்ல வழி இருக்கிறது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை வரத்து மிகக் குறைவு. அந்த நேரத்தில் மட்டும் டைமர் வைத்து, மணிக்கு 40 நிமிடம் ஓட்டி 20 நிமிடம் நிறுத்தலாம். அவ்வளவு இடைவெளியைக் கசடு தாங்கும். நைட்ரேட்டும் கொஞ்சம் குறையும். மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவியைப் பொருத்தி, ஆக்சிஜன் மீட்டரில் 1 முதல் 2 மில்லிகிராம் வரும்படி வேகத்தை வைத்தால் இன்னும் மிச்சம். மீட்டரில் 4, 5 காட்டினால் தேவைக்கு மேல் காற்றடிக்கிறீர்கள் என்று பொருள். உண்மையில் குறைக்க வேண்டியது அந்த மிகுதியைத்தான்.

ப்ளோயரின் பிரஷர் கேஜையும் தினம் எழுதி வையுங்கள். தண்ணீர் ஆழம் 3.5 மீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோ அருகில் காட்டும். மெல்ல மெல்ல 0.5-ஐத் தாண்டினால் டிஃப்யூசர் அடைத்துவருகிறது. திடீரென இறங்கினால் பெல்ட் வழுக்குகிறது அல்லது தண்ணீருக்குள் குழாய் உடைந்திருக்கிறது. உடைந்திருந்தால் டேங்கின் ஒரே இடத்தில் பெருங்குமிழி கொதிப்பதுபோல் மேலே வரும்.

இனி தினமும் செய்ய வேண்டிய ஒரு சோதனை. ஒரு லிட்டர் அளவு உருளையில் ஏரேஷன் டேங்க் தண்ணீரை நிரப்பி, அசைக்காமல் 30 நிமிடம் வையுங்கள். கசடு 250 முதல் 350 மில்லி வரை இறங்கி, மேலே தெளிவாக இருந்தால் நலம். 600, 700-லேயே நின்றால் இரண்டு காரணங்களில் ஒன்று: கசடு மிகுந்துவிட்டது, அல்லது நூல்வகை பெருகிவிட்டது. எது என்று கண்டுபிடிக்க, பாதி உருளை டேங்க் நீரும் பாதி சுத்திகரித்த நீரும் கலந்து மறுபடி வையுங்கள். படிந்த அளவு முந்தையதில் பாதிக்கும் வெகுவாகக் கீழே போனால் கசடு மிகுதி, வெளியேற்றினால் சரியாகும். அப்போதும் பெரிதாக இறங்காவிட்டால் நூல்வகைதான். காற்றைச் சரிசெய்துவிட்டு வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். தெளிந்தபின் உருளையை இன்னும் இரண்டு மணி நேரம் விட்டுப்பாருங்கள். படிந்த கசடு கட்டிகட்டியாக மேலே ஏறினால், நைட்ரேட்டிலிருந்து நைட்ரஜன் வாயு பிறந்து அதைத் தூக்குகிறது. கசடு படிந்து நீர் தெளியும் தொட்டியான கிளாரிஃபையரின் அடியில் கசடு நெடுநேரம் தங்குகிறது என்று அதற்குப் பொருள். அந்தக் கசடை ஏரேஷன் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் பம்பின் ஓட்டத்தைக் கூட்டுங்கள்.

நிறமும் வாசனையும் சொல்லும். சாக்லேட் நிறமும் புதுமழை மண் வாசனையும் இருந்தால் நலம். கறுத்தால் காற்றுப் போதவில்லை.

உங்களைப் போன்ற நிலையத்தில் நாளுக்கு சுமார் 7 கிலோ உலர்கசடு புதிதாக உண்டாகும். கிளாரிஃபையர் அடியிலிருந்து எடுக்கும்போது அது 700 முதல் 900 லிட்டர் குழம்பாக இருக்கும். இதை வெளியேற்றாமல் விடுவதும் நாங்கள் அடிக்கடி காணும் தவறு. மூன்று வருடம் நன்றாக ஓடி நான்காம் வருடம் கெட்டது என்பதால், உங்கள் இயக்குநர் கசடை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார் என்று கட்டாயம் கேளுங்கள். மணல் படுக்கையில் 20 முதல் 30 சென்டிமீட்டர் கனத்துக்கு ஊற்றினால் நம் ஊர் வெயிலில் பத்துப் பதினைந்து நாளில் வெடித்துக் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாது. படுக்கைக்கு மேல் தகரக் கூரை போட்டுக்கொள்ளுங்கள்.

கசடு முழுக்கச் செத்திருந்தால், நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து ஒரு டேங்கர் கசடு வாங்கி ஊற்றுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். சாணம் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். அதில் இருப்பவை காற்றில்லா வயிற்றில் வாழ்பவை. இங்கே வேலைக்கு ஆகாது. வைக்கோல் நார் டிஃப்யூசரை அடைப்பதுதான் மிச்சம்.

கேள்வி: பரிசோதனை அறிக்கையில் பி.ஓ.டி. 24, டி.எஸ்.எஸ். 40, மலக் கோலிஃபார்ம் 16,000 என்று வந்திருக்கிறது. நல்லதா, கெட்டதா?
— கே.டி.சி. நகர்

பதில்: மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017 அறிவிக்கைப்படி, பெருநகரம் அல்லாத இடங்களில் பி.ஓ.டி. 30-க்குள், டி.எஸ்.எஸ். (நீரில் மிதக்கும் நுண்துகள்) 100-க்குள், மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் பாக்டீரியா) 100 மில்லிக்கு 1000-க்குள் இருக்க வேண்டும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் பி.ஓ.டி. 10, டி.எஸ்.எஸ். 20, கோலிஃபார்ம் 230 என்று மேலும் இறுக்கியது. உங்கள் நிலையத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையில் எந்த எண் எழுதியிருக்கிறதோ அதுவே உங்களைக் கட்டும். அதை எடுத்துப் பாருங்கள்.

முதல் இரண்டு எண்களும் பழைய அளவில் தேறுகின்றன. கோலிஃபார்ம் எந்த அளவிலும் தேறவில்லை. குளோரின் போதவில்லை அல்லது தங்கும் நேரம் போதவில்லை. நாளுக்கு 100 கனமீட்டர் வரும் நிலையத்தில், லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 500 கிராம் குளோரின். 10 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) திரவம் 5 லிட்டர். கலந்தபின் 30 நிமிடமாவது தொட்டியில் நின்று, வெளியேறும்போது 0.5 மில்லிகிராம் மிச்சம் காட்ட வேண்டும். ஹைப்போ கேனை வெயிலில் வைத்தால் சில வாரத்திலேயே வீரியம் போய்விடும். நிழலில் வையுங்கள், ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள், ஆசிட் கேனுக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

கேள்வி: எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க் இருக்கிறது. மிஞ்சும் தண்ணீரைக் குழாய் வைத்துப் பாளையங்கால்வாயில் விட்டிருக்கிறார்கள். டேங்கில் சுத்தமான பிறகுதானே போகிறது, இதில் என்ன தப்பு என்கிறார்கள்.
— மேலப்பாளையம்

பதில்: டேங்கில் சுத்தமாவதில்லை. கனமானது அடியில் படிகிறது, எண்ணெய் மேலே மிதக்கிறது, அவ்வளவே. நல்ல செப்டிக் டேங்க்கூட பி.ஓ.டி.யில் 30 முதல் 50 சதவீதத்தைத்தான் குறைக்கும். வெளியே வரும் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத் தெரியலாம். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் அதில் அப்படியே இருக்கும்.

பாளையங்கால்வாய் பழவூர் அணையில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வருவது. கீழே அதை நம்பி வயலும் குளமும் இருக்கின்றன. சித்திரை, வைகாசியில் வாய்க்கால் அடைத்திருக்கும்போது பாருங்கள்: ஆற்றுத் தண்ணீர் இல்லாமல் சாக்கடை மட்டும் தேங்கிக் கறுத்துக் கிடக்கும். முதல் திறப்பில் அது மொத்தமாகக் கீழ்வயலுக்குப் போகும்.

பாதாளச் சாக்கடை வந்துவிட்ட தெரு என்றால் இணைப்பு வாங்குவதே முறை. மாநகரின் கழிவு ராமையன்பட்டி நிலையத்துக்குப் போகிறது. அது எட்டாத புறநகர்த் தெருக்களுக்கும் பேரூராட்சிகளுக்கும் ஒரு சிக்கனமான வழி உண்டு, அதை இன்னும் நிறையப் பேர் கேட்டுப் பெற வேண்டும் என்று விரும்புகிறோம். செப்டிக் டேங்கிலிருந்து வெளிவரும் தண்ணீரை மட்டும் 100 மில்லிமீட்டர் குழாயில் சேர்த்து ஒரு பொது இடத்துக்குக் கொண்டுபோவது. கெட்டி ஏற்கெனவே டேங்கில் நின்றுவிடுவதால் பெரிய குழாயும் செங்குத்தான சரிவும் தேவையில்லை. தெருவை ஆழமாகத் தோண்டவும் வேண்டாம். அங்கே முதலில் தடுப்பறைகள் கொண்ட காற்றில்லாத் தொட்டி. தண்ணீர் ஒவ்வொரு அறையிலும் அடியிலிருந்து மேலே ஏற வேண்டும். மணிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகம் கூடாது, கூடினால் கசடு அடித்துக்கொண்டு போகும். அடுத்து 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கூழாங்கல் நிரப்பி, சம்பும் கல்வாழையும் நட்ட படுகை. தண்ணீர் கல்லின் மேல்மட்டத்துக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே ஓடினால் கொசு வராது. ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் படுகை தேவை. 900 பேருக்கு 22 முதல் 45 சென்ட் இடம். மோட்டாரும் கரண்டும் பெரும்பாலும் வேண்டியதில்லை. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்த முறையில் சுத்திகரித்த தண்ணீர்தான் தோட்டத்துக்குப் போகிறது.

படுகை கெடுவது ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணத்தால்: வீட்டு டேங்குகளை அள்ளாமல் விட்டு, கசடு வந்து கல்லை அடைக்கும். ஆகவே தெரு முழுவதும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அள்ளும் முறை இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு செப்டிக் டேங்க் என்ன அளவு? எங்கள் இடம் கரிசல். உறிஞ்சுகுழி போட்டால் நிற்குமா?
— மானூர் வட்டாரம்

பதில்: இந்தியத் தர நிர்ணய விதிப்படி ஐந்து பேருக்கு நீளம் 1.5 மீட்டர், அகலம் 75 சென்டிமீட்டர், தண்ணீர் ஆழம் 1 மீட்டர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அள்ள வேண்டும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டர் காலி இடம் விடுங்கள். உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் ‘டி’ (T வடிவக் குழாய்) வைக்காமல் விடும் கொத்தனார்கள் உண்டு. ‘டி’ இல்லையென்றால் மேலே மிதக்கும் ஏடு நேராக வெளியே போய்க் குழியை அடைக்கும். ஊரில் பலரும் அடித்தளம் போடாமல் உறை இறக்கி அதையே செப்டிக் டேங்க் என்கிறார்கள். அது டேங்க் அல்ல, பக்கத்துக் கிணற்றுக்கு வழி.

மண்ணுக்கு வருவோம். உறிஞ்சுகுழி வரும் ஆழத்தில் ஒரு சிறு குழி வெட்டி, முதல் நாள் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் 15 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சுகுழி போதும். 30 முதல் 60 என்றால் சரளை நிரப்பிய நீண்ட பள்ளம் நல்லது. 60-ஐத் தாண்டினால் குழியை நம்ப வேண்டாம். சரள் மண்ணில் முதல் வகை எளிதில் கிடைக்கும். கரிசலில் கோடையில் வெடிப்பு வழியே சட்டென இறங்கி ஏமாற்றும், ஊறியபின் அசையாது. அதனால்தான் ஊறவிடச் சொல்கிறோம். உங்களுக்குப் பெரும்பாலும் மேலே சொன்ன கல்படுகைதான், வீட்டளவில் சிறிதாக. எதுவானாலும் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

எப்போது அள்ளுவது என்று அறிய, நீண்ட கம்பில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை மெல்ல இறக்கி, சிறிது நேரம் வைத்து எடுங்கள். கறுப்பேறிய உயரம் கசடின் உயரம். கசடும் மேல் ஏடும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆனால் லாரிக்குச் சொல்லலாம். 14420 என்ற எண்ணில் அழைத்து உரிமம் உள்ள வண்டியைக் கேளுங்கள்.

யாரும் உள்ளே இறங்கக் கூடாது, இறக்கவும் கூடாது. நாற்றமே வரவில்லை என்பதை நம்பாதீர்கள்: ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடும்போது மூக்கு முதலில் மரத்துப்போகும். முன்னால் இறங்கியவரைக் காப்பாற்றப் போனவர்களும் அப்படித்தான் சாகிறார்கள். ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். உச்ச நீதிமன்றம் 2023-ல் இத்தகைய மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உத்தரவிட்டது.

கேள்வி: சிறிய அளவில் அல்வாவும் பலகாரமும் போடுகிறோம். எங்கள் கழிவால் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையம் கெடுகிறது என்று புகார்.
— திருநெல்வேலி டவுன்

பதில்: புகாரில் நியாயம் இருக்கலாம். நெய் குளிர்ந்ததும் குழாய்ச் சுவரில் உறையும். கோதுமை ஊறிய புளித்த நீரும் பாகு கழுவிய நீரும் வேறு விதம். அவற்றில் மாவும் சர்க்கரையும் மிக அதிகம். நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. நுண்ணுயிரிகளுக்கு பி.ஓ.டி. 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 வேண்டும். அது கிடைக்காதபோது கசடு பிசினாகி இறங்க மறுக்கும்.

நெய்யைப் பிரித்து நிறுத்தும் மூன்று அறை கொண்ட நெய்ப்பொறித் தொட்டி கட்டுங்கள். உச்சநேர ஓட்டம் குறைந்தது 30 நிமிடம் தங்க வேண்டும். மணிக்கு 600 லிட்டர் என்றால் 300 லிட்டர். கொதிநீரை நேரே ஊற்றினால் நெய் உருகிப் பொறியைத் தாண்டிப் போய்விடும், ஆறவிட்டு ஊற்றுங்கள். உருளியைக் கழுவுமுன் காகிதத்தாலோ தவிட்டாலோ துடைத்தெடுத்தால் பாதிச் சுமை அங்கேயே குறையும். கோதுமை நீரை ஒரு தொட்டியில் சேர்த்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். முடிந்தால் மாட்டுக்காரருக்குக் கொடுப்பது அதைவிட நல்லது, புளிக்குமுன்.

கேள்வி: வெள்ளம் வந்தால் எங்கள் செப்டிக் டேங்க் நிரம்பிக் கழிப்பறை வழியாக எதிர்த்து வருகிறது. வடிந்ததும் உடனே லாரி வைத்து எடுக்கலாமா?
— வண்ணார்பேட்டை

பதில்: உடனே வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளம் போன்ற சமயத்தில் தெருவில் தண்ணீர் வடிந்தாலும் நிலத்தடியில் மட்டம் மேலேயே நிற்கும். அப்போது டேங்கைக் காலி செய்தால் வெளியே உள்ள தண்ணீர் அதைத் தோணிபோல் தூக்கும். பிளாஸ்டிக் டேங்க் மேலே வந்துவிடும், செங்கல் டேங்க் விரியும். பக்கத்துக் கிணற்றில் மட்டம் டேங்க் அடிக்குக் கீழே போனபின் எடுங்கள். அதுவரை குளியல், துவையல் நீரை டேங்குக்கு விடாமல் திருப்புங்கள். நிரந்தரத் தீர்வாக வீட்டுச் சேம்பரில் எதிர்வரத்தைத் தடுக்கும் வால்வு வையுங்கள். மூடியை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்திச் சிமென்ட் பூசுங்கள்.

கேள்வி: சுத்திகரித்த தண்ணீரை வாழைக்கு விடலாமா?
— சுத்தமல்லி

பதில்: விடலாம், வாய்மடை வழியாக மட்டும். ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டர். அதில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்தால் ஒரு பாய்ச்சலில் 4 கிலோ தழைச்சத்து சேரும். யூரியாவில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கு விடுபவர்கள் கதிர் வரும் சமயத்தில் நிறுத்த வேண்டும். தழை மிஞ்சினால் பயிர் சாயும்.

வாழை உப்பைத் தாங்காது. சோப்பு சோடியம் வடிகால் இல்லாத நிலத்தில் சேரும். ஆகவே ஆற்று நீரும் இதுவும் மாற்றி மாற்றிப் பாய்ச்சுங்கள். தெளிப்பான் வேண்டவே வேண்டாம்: நம் ஊரில் வாழை காய்க்கு மட்டும் வளர்ப்பதல்ல, இலையை அறுத்து அதில்தான் சோறு போடுகிறோம். இலை அறுக்கும் தோட்டத்தில் தண்ணீர் இலையில் படக் கூடாது. கீழே சாய்ந்த இலையைக் கட்டில் சேர்க்கக் கூடாது. மடை திருப்புபவர் முழங்கால் பூட்ஸ் போடட்டும். கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகத்தான் ஏறும். கீரை, வெள்ளரி, மல்லி ஊடுபயிராக இருந்தால் இந்தத் தண்ணீரை அந்தப் பாத்திக்கு விடாதீர்கள்.